மரிசெலின் சட்டியில் சிவகலாவின் கை

சிவகலாவுக்கு ஒரு வியாதி உண்டு, மருந்தில்லாத வியாதி. அவளுடைய கை அவளைக் கேட்டு வேலை செய்வதில்லை. யார் வீட்டுக் குழாய் சொட்டினாலும் எட்டி இறுக்கும். பஸ்ஸில் முன் இருக்கைக்காரியின் மேற்சட்டையில் நூல் தொங்கினால் இழுத்து அறுக்கும். அறுத்த பிறகுதான் அவளுக்கு வெட்கம் வரும். சுவிஸில், பேர்னுக்குப் பக்கத்து ஓஸ்டர்முண்டிகனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் பதினான்கு வருடமாகப் பாத்திரம் கழுவிக் காய்கறி வெட்டுகிற அந்தக் கையைப் பற்றி அங்கே எவருக்கும் குறை இல்லை. குறை வந்தது வேறோர் இடத்தில், தொலைக்காட்சிக் கமராக்களுக்கு நடுவில்.

அந்தச் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கு இரண்டு பக்கம். அழுக்குப் பாத்திரம் போகிற பக்கத்தில் சிவகலா நிற்பாள், சுத்தமாகி வெளியே வருகிற பக்கத்தில் மரிசெல். மரிசெல் பிலிப்பைன்ஸ்காரி, ஐம்பத்தொரு வயது. தன்னைவிட நான்கு வயது மூத்தவளை வெறும் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல், சிவகலா முதல் கிழமையிலேயே அவளை அக்கா ஆக்கிவிட்டாள். இருவரும் கதைப்பது டொச் என்கிற ஜெர்மன் மொழியில். அந்த டொச்சை ஒரு சுவிஸ்காரர் கேட்டால் காதைப் பொத்துவார், ஆனால் இருவருக்கும் இடையில் அதில் விளங்காத விஷயமே கிடையாது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், புருஷன்மாரின் குறட்டை, விசா, முழங்கால் வலி எல்லாம் அந்த நீராவிக்குள்ளேதான் கதைத்து முடிந்தன.

மரிசெல் நன்றாகச் சமைப்பாள் என்று சொன்னால் அது குறைத்துச் சொன்னது. ஞாயிற்றுக்கிழமை தலைமைச் சமையல்காரர் லீவில் நின்றால் சூப் அவள் கையில்தான். அன்றைக்கு மட்டும் கிழவர்கள் கிண்ணத்தைத் துடைத்து வைப்பார்கள். ஆனாலும் அவளுடைய ஒப்பந்தத்தில் சமையலறை உதவியாள் என்றுதான் இருந்தது. சமையல்காரி வேலைக்குப் பதினொரு இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள். சான்றிதழ் இல்லை என்று ஆறு கடிதம் வந்தது. மற்ற ஐந்தும் வயதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வயதைப் பற்றியே எழுதப்பட்ட கடிதங்கள். இல்லை என்பதை மரியாதையாகச் சொல்வதில் சுவிஸ்காரர் கெட்டிக்காரர்.

அப்போதுதான் பிலிப்பைன்ஸ்காரருக்கான ஒரு தொலைக்காட்சி, சுவிஸில் இருக்கிற தங்கள் ஆட்களில் வீட்டுச் சமையல் செய்கிறவர்களுக்கு மட்டும் ஒரு போட்டி வைத்தது. தொழில்முறைச் சமையல்காரர் வரக்கூடாது. வெல்கிறவருக்குக் கோப்பை உண்டு, பூச்செண்டு உண்டு, ஆனால் மரிசெலின் கண் போனது அவற்றோடு சேர்ந்து வருகிற மூன்றாவது பரிசில். சூரிச்சில் உணவகம் நடத்துகிற லிகாயா என்ற அம்மையார்தான் தலைமை நடுவர். அவர் தன் உணவகத்தில் முழுநேரச் சமையல்காரியாக வேலை தருவார், சான்றிதழ் கேட்கமாட்டார். இதைவிட்டால் இனி எனக்கு ஒருவரும் அடுப்புத் தரமாட்டார்கள் என்று மரிசெல் சொன்னாள். இரண்டு சுற்றுத் தாண்டி இறுதிக்கு வந்த நான்கு பேரில் அவளும் ஒருத்தி.

இறுதிச் சுற்றுக்கு ஒரு விதி. ஒவ்வொருவரும் பிலிப்பைன்ஸ்காரர் அல்லாத ஒருவரை உதவிக்குக் கூட்டிவர வேண்டும். உதவியாள் கழுவலாம், வெட்டலாம், பிழியலாம், எடுத்துக் கொடுக்கலாம். அடுப்பில் இருக்கிற எதிலும் கை வைக்கக்கூடாது. வைத்தால் இருவரும் வெளியே. மரிசெல் இதை ஓய்வறையில் வைத்து இரண்டு தரம் வாசித்துக் காட்டினாள். உதவியாளாகச் சிவகலா கையெழுத்துப் போட்டாள்.

போட்டி நாள் கந்தசஷ்டியின் நான்காம் நாளாக அமைந்தது அவளுடைய கஷ்டகாலம். பத்தொன்பது வருடமாக ஒரு வருடமும் விடாமல் பிடிக்கிற விரதம். ஆறு நாளும் பின்னேரத்தில் ஒருதரம் பாலும் வாழைப்பழமும், அவ்வளவுதான். அவளுடைய புருஷன் பாலேந்திரன் ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை செய்கிற, அதிகம் கதைக்காத மனிதர். அன்று காலை அவரே வாய் திறந்தார்.

"விரதத்தோட பண்டி இறைச்சிச் சட்டிக்குப் பக்கத்தில நிக்கப்போறீரோ?"

"மூக்கால விரதம் முறியாதப்பா. நான் வாயைத் திறக்கமாட்டன்" என்றாள் அவள்.

மகள் மதுஜா பாணுக்கு வெண்ணெய் பூசியபடி, அம்மா வாயைக் கட்டுவதைவிடக் கையைக் கட்டிக்கொண்டு போவது நல்லது என்றாள். அதற்கு எவரும் சிரிக்கவில்லை.

போட்டி நடந்தது சூரிச்சுக்குப் பக்கத்து அட்லிஸ்வில்லில், ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தின் சமையல்கூடத்தில். வருடா வருடம் சஷ்டிக்கு முருகன் கோவிலுக்குப் போகிற அதே எஸ்-பான் ரயிலில்தான் சிவகலா அன்றும் போனாள். தரிப்பிடத்தில் இறங்கிக் கோவில் பக்கம் திரும்பாமல் மற்றப் பக்கம் திரும்பினாள். திரும்பும்போது மனதுக்குள் ஒரு மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள்.

உள்ளே நான்கு மேசை, நான்கு அடுப்பு, மூன்று கமரா. மற்ற மூன்று போட்டியாளரும் உதவிக்குத் தங்கள் சுவிஸ் கணவன்மாரைக் கூட்டிவந்திருந்தார்கள். புது ஏப்ரன் கட்டி, எதைத் தொடுவது எதை விடுவது என்று தெரியாமல் அவர்கள் நின்ற நிலையைப் பார்த்து சிவகலாவுக்கு அவ்வளவு பதற்றத்திலும் சிரிப்பு வந்தது. அவர்களுக்கு முன்னால் தான் ஒரு சூரப்புலி என்று நினைத்தாள். அந்த நினைப்புக்கு ஆயுள் குறைவு.

மரிசெல் எடுத்தது சோற்றோடு தின்ன ஒரு சுட்ட மீனும் லாயிங் என்ற கறியும். காய்ந்த சேம்பு இலையைத் தேங்காய்ப்பாலில் பன்றி இறைச்சியோடும் இறால் விழுதோடும் வேகவைப்பது. அவளுடைய ஊரில் இலையைக் கிழிக்காமல், ஒன்றன்மேல் ஒன்றாகப் பாய் அடுக்குவதுபோல் அடுக்கி, பாலைத் தானாக மேலே ஏறவிடுவார்கள். அதில் ஒரு கட்டளை உண்டு. இலை வேகும்வரை துளாவக்கூடாது, துளாவினால் தின்கிறவர் தொண்டை அரித்துக் கடிக்கும். சமைத்துப் பழகிப் பார்த்த நாளில் இதைக் கேட்டு சிவகலா சிரித்தாள். சேம்பு கடிக்கும் என்பது யாழ்ப்பாணத்தில் குழந்தைக்கும் தெரியும், அதற்குத்தானே பழப்புளி விடுவது, துளாவுவதற்கும் கடிப்பதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டாள். மரிசெல் சிரிக்கவில்லை. அது உண்மையோ மூடநம்பிக்கையோ, லாயிங் சமைக்கிற ஊரில் சோதித்துப் பார்க்க எவருக்கும் துணிச்சல் வந்ததில்லை.

தொண்ணூறு நிமிடம் தந்தார்கள். முதல் அரைமணி நேரம் எல்லாம் எண்ணெய் போட்டதுபோல் ஓடியது. சிவகலா தேங்காய் துருவிப் பிழிந்த வேகத்தை ஒரு கமரா வந்து நின்று எடுத்தது. முதற்பால் ஒரு கிண்ணத்தில், இரண்டாம் பால் ஒரு கிண்ணத்தில். இஞ்சியும் உள்ளியும் இறைச்சியும் வதங்க, மரிசெல் இரண்டாம் பாலை விட்டு இலைகளை அடுக்கினாள். பிறகு, கூடத்தின் மறுகோடியில் எல்லோருக்கும் பொதுவான அவணில் சுட வைத்த மீனைத் திருப்பப் போக வேண்டியிருந்தது. தொடவேண்டாம், பொங்கினால் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் போய் அரை நிமிடம் ஆகியிருக்காது. பக்கத்து மேசைக் கணவர் ஒரு பெரிய கண்ணாடிக் கிண்ணத்தைக் கீழே போட்டார். கூடமே அந்தப் பக்கம் திரும்பியது, மூன்று கமராவும் அங்கே ஓடின. சிவகலாவும் திரும்பிப் பார்த்துவிட்டுச் சட்டியைப் பார்த்தாள். ஓரத்தில் பால் நுரைத்து ஏறிக்கொண்டிருந்தது. கொதிக்கிற தேங்காய்ப்பாலைத் துளாவாமல் விட்டால் திரைந்துபோகும். முப்பது வருடமாகத் தினமும் அவள் செய்கிற காரியம் அது, மூச்சு விடுவதைப்போல. பால் கொதிப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்கிற யாழ்ப்பாணத்துப் பெண் இன்னும் பிறக்கவில்லை. கை அகப்பையை எடுத்தது. ஒரு சுற்று, இரண்டு சுற்று. மூன்றாவது சுற்றில்தான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அகப்பையை எடுத்த இடத்திலேயே வைத்தாள். அடுக்கி வைத்த இலைகள் சுழிபோல் திரும்பிக் கிடந்தன. சுற்றிலும் பார்த்தாள். எல்லோரும் கண்ணாடித் துண்டு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். எவரும் பார்க்கவில்லை. அது அவளுக்கு ஆறுதலாக இல்லை, இன்னும் பயமாக இருந்தது. யாராவது பார்த்திருந்தால் விஷயம் அவள் கையை விட்டுப் போயிருக்கும். இப்போது முழுவதும் அவள் தலையில்.

மரிசெல் வந்தாள், அவசரமாக முதற்பாலை மேலே விட்டாள், சுழி மறைந்தது. குழம்பில் ஒரு சொட்டு எடுத்து உப்புப் பார்த்தாள், நன்றாக இருக்கிறது என்று தலையாட்டிவிட்டு மீனுக்கு வினாகிரி கலக்கப் போனாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைச் சிவகலா பாத்திர இயந்திரத்தின் பக்கத்தில் ஒருநாளும் கண்டதில்லை.  

சொன்னால் மரிசெல் பதறுவாள், மீதிச் சமையலும் போகும். சொல்லாவிட்டால், தொண்டை கடிக்கிற கறியைத் தொலைக்காட்சிக்கு முன்னால் நடுவர் தின்பார்கள். குழம்பு கடிக்காது, இலைதான் கடிக்கும், அதுவும் தின்று ஒன்றிரண்டு நிமிடம் போன பிறகு. ஒருவர் இலையைத் தின்று பார்த்தால்தான் தெரியும். கடிகாரம் இன்னும் முப்பத்தொரு நிமிடம் என்றது. சிவகலா கொஞ்ச நேரம் முருகனை நினைத்தாள். பிறகு நினைப்பதை நிறுத்தினாள்.

"அக்கா, ஒரு இலை தாங்கோ."

மரிசெல் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கு விரதமல்லோ? இறைச்சி கிடக்கு இதுக்குள்ள."

"தாங்கோ."

மரிசெல் ஒரு சின்னத் தட்டில் இலையைப் போட்டு நீட்டினாள், நீட்டியபடியே அவள் முகத்தைப் பார்த்தாள். சிவகலா வாயில் போட்டாள். பன்றிக் கொழுப்பும் இறால் விழுதும் நாக்கில் கரைந்தன. பத்தொன்பது வருடத்து விரதம் ஒரு விழுங்கலில் போனது. அது மிகவும் ருசியாக இருந்ததுதான் அவளுக்குக் கோபம்.

ஒரு நிமிடம் ஒன்றும் இல்லை. மூடநம்பிக்கைதான் என்று மனம் ஆறப் பார்த்தது. இரண்டாவது நிமிடத்தில் நாக்கின் அடியில் மெல்லிய ஊசிபோல் ஏதோ குத்தியது. எச்சிலை விழுங்கினாள். ஊசி தொண்டைக்கு இறங்கியது.

"அக்கா, நான் துளாவிப்போட்டன்."

மரிசெல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அவளுடைய முகத்தில் இருந்த அந்த வெளிச்சம் யாரோ சுவிட்சை அழுத்தியதுபோல் போனது. எத்தனை தரம் என்று மட்டும் கேட்டாள். மூன்று என்றாள் சிவகலா. யாரும் கண்டார்களா என்று கேட்டாள். இல்லை என்றாள். மரிசெல் ஒரு கணம் அடுப்பைப் பிடித்தபடி நின்றாள். பதினொரு கடிதமும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றிருக்க வேண்டும்.

"இனி நீ வாயைத் திறக்காத" என்றாள். "அழாத. கமரா வருது."

நெருப்பைக் கூட்டினாள். கடி போக ஒரே வழி, இலை கரைகிற அளவுக்கு வேகவிடுவது. பால் வற்றி எண்ணெய் பிரிய வேண்டும், அடியும் பிடிக்கக்கூடாது, இனித் துளாவவும் முடியாது. மேலே தூவ எண்ணியிருந்த அலங்காரங்களை எல்லாம் கைவிட்டாள். தான் அவணிலிருந்து எடுத்து வைத்த மீனைத் தட்டில் அடுக்குகிற வேலையைச் சிவகலாவிடம் கொடுத்தாள். மரிசெல் சட்டியைக் காதுப்பிடியில் பிடித்து ஆட்டுவதும், குனிந்து அடி பிடிக்கிற மணம் வருகிறதா என்று முகர்வதுமாக நின்றாள். பதினைந்து நிமிடத்தில் ஒரு இலை தின்று பார்த்தாள், தலையசைத்தாள், இன்னும் கடித்தது. எட்டு நிமிடத்தில் இன்னொன்று. கொஞ்சம் குறைந்ததுபோல் என்றாள். மூன்று நிமிடம் இருக்கும்போது தின்றதற்கு அவளுக்கே தீர்ப்புச் சொல்லத் தெரியவில்லை, முதல் இரண்டு இலையின் கடி வாயில் மிச்சமிருந்தது. மணி அடித்தது. தட்டில் விழுந்தபோது கறி கறுத்து, சுற்றிவர எண்ணெய் மினுங்கிக்கொண்டிருந்தது.

லிகாயா அம்மையார் ஆள் சிறியவர். அறுபது வயது இருக்கும். சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார், மற்ற இரு நடுவரும் அவர் வாய் பார்த்து நின்றார்கள். ஒரு பெரிய இலையைச் சோற்றோடு எடுத்துத் தின்றார். கரண்டியைக் கீழே வைத்தார். அப்படியே நின்றார். அவர் எதற்கு நிற்கிறார் என்று அந்தக் கூடத்தில் சிவகலாவுக்கும் மரிசெலுக்கும் மட்டுமல்ல, லாயிங் தின்று வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். கமரா அவருடைய தொண்டைக்குக் கிட்டப் போனது. சிவகலாவின் தொண்டையில் ஊசி இன்னும் போகவில்லை. அம்மையார் ஒருதரம் எச்சில் விழுங்கினார். கை தண்ணீர்க் குவளைப் பக்கம் போனது. போய், குவளையைத் தள்ளிவிட்டுக் கரண்டியை எடுத்தது. இரண்டாம் வாய் தின்றார்.

மரிசெல் மூச்சு விட்டாள். ஆனால் அம்மையார் மூன்றாம் வாய்க்குக் கரண்டியை விட்டவர் நிறுத்தினார். இலைகளை மெல்லப் புரட்டினார். அடுக்கடுக்காகக் கழன்று வரவேண்டிய இலை முறுகிச் சுருண்டு வந்தது. தங்கள் மொழியில் ஏதோ கேட்டார். சிவகலாவுக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் மரிசெல் தன் நெஞ்சில் கை வைத்துப் பதில் சொன்னது நன்றாக விளங்கியது. துளாவியது நான் என்கிறாள். அதற்குப் புள்ளி குறையும், குறையட்டும். துளாவியது யார் என்ற உண்மை தெரிந்தால் புள்ளி போட இடமே இராது.

அம்மையார் சிவகலாவின் பக்கம் திரும்பினார். டொச்சில் கேட்டார். நீ முழுநேரமும் சட்டிக்குப் பக்கத்தில் நின்றாய், இவள் சொல்வது சரிதானா?

ஒரு கமரா அவளுடைய முகத்துக்கு வந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம். சொன்னால் அவளுடைய நெஞ்சு லேசாகும், அதற்கான விலையை மரிசெல் கொடுப்பாள். அடுத்தவளின் அடுப்பை விற்றுத் தனக்குப் புண்ணியம் வாங்குவதா? விரதம் போய்விட்டது, விதி போய்விட்டது. தலைக்கு மேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன?

"ஓம்" என்றாள். "அவதான் துளாவினவ. நான் பாத்துக்கொண்டு நிண்டனான்."

கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள். பொய் இவ்வளவு சுத்தமாகத் தன் வாயிலிருந்து வரும் என்று அவளுக்கே தெரியாது. அம்மையார் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

முடிவு சொல்ல ஒரு மணி நேரம் எடுத்தார்கள்.  நான்காம் இடத்துக்கு ஒரு பெயர், மூன்றாம் இடத்துக்கு ஒரு பெயர். இரண்டாம் இடத்துக்குக் கண்ணாடி உடைத்த கணவரின் மனைவி. மரிசெலின் பெயரைச் சொல்லுமுன் அம்மையார் டொச்சிலும் ஒரு வசனம் சொன்னார். துளாவியது பெரிய பிழை, அதற்குப் புள்ளி வெட்டியிருக்கிறேன், ஆனால் எண்ணெய் பிரியும்வரை இப்படிப் பொறுமையாக வேகவிடுகிறவளை நான் இந்த நாட்டில் கண்டதில்லை என்றார். பொறுமையாம். இருவரும் செத்துப் பிழைத்தது அவருக்கு எப்படித் தெரியும்?

சூரிச்சிலிருந்து பேர்னுக்குப் போகிற ரயிலில் மரிசெல் பூச்செண்டை மேல் தட்டில் வைத்துவிட்டுப் புது வேலை ஒப்பந்தத்தை மடியில் வைத்திருந்தாள். சமையல்காரி என்று எழுதியிருந்த இடத்தைச் சிவகலாவுக்கு மூன்று தரம் காட்டினாள். சிவகலா வீட்டுக்கு அழைத்து வென்றுவிட்டோம் என்று சொன்னாள். விரதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உன் சாமி கோபிப்பாரோ என்று மரிசெல் பயந்துகொண்டு கேட்டபோது, கோபித்தால் என்னோடு கோபிக்கட்டும், உங்கள் பக்கம் வரமாட்டார் என்றாள். அப்போது அவளுக்கு உண்மையாகவே சந்தோஷமாக இருந்தது.

பாதி வழியில் ஓல்டனைத் தாண்டியதும் மரிசெல் திகதிகளைப் பார்க்கத் தொடங்கினாள். ஜனவரி முதலாம் திகதி வேலை தொடங்குகிறது. ராத்திரி வேலை என்பதால் பேர்னிலிருந்து போய்வர முடியாது, சூரிச் பக்கம் வீடு பார்க்க வேண்டும், நாளைக்கே இங்கே விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். சிவகலா கேட்டுக்கொண்டே வந்தாள், நல்லது நல்லது என்றாள். பிறகுதான் அந்தச் செய்தி அவளுக்குள் இறங்கியது. இந்த மூன்று மாதமும் மரிசெல் வெல்ல வேண்டும் என்று மட்டும்தான் நினைத்திருந்தாள். வென்றால் மரிசெல் போய்விடுவாள் என்று ஒருநாளும் நினைத்துப் பார்க்கவில்லை.

பதினான்கு வருடமாகக் காலை ஐந்து மணிக்கு எழும்புவது அவளுக்குப் பாரமாக இருந்ததில்லை, இயந்திரத்தின் மற்றப் பக்கத்தில் மரிசெல் நிற்பாள் என்பதால். இனி அந்தப் பக்கத்தில் வேறு யாரோ நிற்பார்கள், கையுறை மாட்டிக் காதில் பாட்டுப் போட்டுக்கொண்டு. விரதத்தையும் விட்டு, பொய்யும் சொல்லி, தனக்கு இந்த ஊரில் இருந்த ஒரே சிநேகிதியை அவளே வழியனுப்பியிருக்கிறாள். இன்னொரு தரம் கேட்டாலும் அதே பொய்யைச் சொல்வாள். அது தெரிந்ததால் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

மரிசெல் பதறிப்போய் என்ன என்று கேட்டாள்.

"நீங்கள் போனா, நான் ஆரோட கதைக்கிறது?"

மரிசெல் ஒப்பந்தத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள், வைத்துவிட்டு யன்னல் பக்கம் திரும்பினாள். சூரிச்சில் அவளுக்கும் ஒருவரையும் தெரியாது.